பழைய லேப்டாப்பைத் திணறடிக்காத ஆன்டிவைரஸ் எது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாகான்_ஆசிரியை:
எல்லாருக்கும் வணக்கம். பட்டர்வொர்த் பக்கம் தமிழ்ப்பள்ளியில் வேலை செய்கிறேன். வீட்டில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். வினாத்தாள், பயிற்சித்தாள் எல்லாம் அதில்தான் அடிப்பேன். மகன் படிவம் நான்கு, அவனுடைய இடுபணிகளும் அதில்தான். கணவர் வங்கிக் கணக்கு பார்ப்பதும் அதில்தான்.

விண்டோஸ் 10, ஐ3 ஐந்தாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வாங்கும்போதே உள்ளே ஒரு ஆன்டிவைரஸ் இருந்தது. அதன் தவணை எப்போதோ முடிந்துவிட்டது. "உங்கள் கணினிக்குப் பாதுகாப்பு இல்லை" என்று தினமும் திரையில் வந்து நிற்கிறது. பினாங்குத் தீவுக்குப் போனபோது ஒரு கடையில் கேட்டேன். விபிஎன், பாஸ்வேர்ட் பெட்டகம், பிள்ளைகள் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்த பெரிய தொகுப்பைத்தான் காட்டினார்கள். எனக்கு அவ்வளவும் வேண்டாம். காலையில் பொத்தானைத் தட்டிவிட்டுப் பசியாறி முடித்து வந்தாலும் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். இதற்கு மேல் பாரம் ஏற்றாத ஆன்டிவைரஸ் எது? பணம் கட்ட வேண்டும் என்றால் கட்டுகிறேன், அதற்குத் தகுந்த பயன் இருக்க வேண்டும்.

பிறை_மாணவன்:
டீச்சர், விண்டோஸ்லயே டிஃபெண்டர்னு மைக்ரோசாஃப்டோட ஆன்டிவைரஸ் இருக்கு. அது போதும். காச மிச்சம் பண்ணுங்க.

ஜெலுத்தோங்_ரிப்பேர்:
டீச்சர், மருந்து வாங்குவதற்கு முன்னால் நோய் எது என்று பார்த்துவிடுவோம். லேப்டாப் ரிப்பேர்தான் என் தொழில். "வைரஸ் இருக்கு, ஸ்லோவா இருக்கு" என்று கொண்டுவரும் பழைய கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையான தொல்லை ஹார்ட் டிஸ்க்தான்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சின்னதாக வந்தால் கீழே "மோர் டீடெய்ல்ஸ்" என்பதைத் தட்டுங்கள். கணினியைத் திறந்து பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டு, "டிஸ்க்" என்று போட்டிருக்கும் நெடுவரிசையின் தலைப்பைத் தட்டுங்கள். அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும். அந்த விழுக்காடு எவ்வளவு, மேலே இருக்கும் ஐந்தாறு பெயர்கள் என்ன என்பதை இங்கே எழுதுங்கள்.

அடுத்தது, ஸ்டார்ட்டில் "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று தேடித் திறந்து, "வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன்" பக்கத்தில் காவலுக்கு நிற்பது யார் என்று பாருங்கள். வேறொரு ஆன்டிவைரஸ் இருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். உங்கள் கணினியில் தவணை முடிந்த அந்தப் பழையது இடத்தை அடைத்துக்கொண்டு, வேலையும் செய்யாமல், டிஃபெண்டரையும் விடாமல் இருக்கலாம். அப்படியானால் இப்போதைக்கு உங்கள் வீட்டில் காவலே இல்லை.

செந்தூல்_ஐடி:
ஜெலுத்தோங் அண்ணன் கேட்ட விவரம் வரட்டும். அதற்குள் தேர்வு பற்றி என் கருத்து.

"லைட்" என்று பெட்டியில் எல்லாரும்தான் போடுகிறார்கள். அதை அளந்து பார்ப்பவர்களில் முக்கியமானவை இரண்டு சோதனை நிறுவனங்கள். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், ஜெர்மனியின் மாக்டபர்க்கில் ஏவி-டெஸ்ட். கோப்பை நகலெடுப்பது, ஜிப் செய்வது, நிரல் நிறுவுவது, நிரல் திறப்பது, பதிவிறக்குவது, இணையப் பக்கம் திறப்பது என்று ஒவ்வொன்றிலும் ஆன்டிவைரஸ் எவ்வளவு நேரம் கூட்டுகிறது என்று பார்க்கிறார்கள். முடிவுகள் இலவசமாகவே கிடைக்கும். விளம்பரக் கட்டுரைகளை விட்டுவிட்டு இவற்றைப் படியுங்கள்.

அவற்றைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். டிஃபெண்டரின் பிடிக்கும் திறன் இப்போது நல்ல நிலையில் இருக்கிறது. பத்தாண்டுக்கு முன் இருந்த பெயரை வைத்து அதை எடைபோடக் கூடாது. ஆனால் "எல்லாவற்றையும்விட லைட்" என்று சொல்வது சரியில்லை. நிறைய சின்னக் கோப்புகளை நகலெடுக்கும்போதும் புதிய நிரல் நிறுவும்போதும் அது நன்றாகவே இழுக்கும். பாரம் குறைவு என்று நெடுநாளாகப் பெயர் வாங்கியது ஸ்லோவாக்கியாவின் ஈசெட் நோட்32. நம் சென்னையில் 1991இல் தொடங்கிய கே7 நிறுவனமும் வேகச் சோதனைகளில் நன்றாகச் செய்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒன்று உலகப் பட்டியலில் நிற்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே பெருமை. ஆனால் எதை வாங்கினாலும் வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதே அறிக்கையில் "ஃபால்ஸ் பாசிட்டிவ்" என்று ஒரு பட்டியல் இருக்கும். நல்ல கோப்பையே வைரஸ் என்று பிடித்த கணக்கு அது. அந்த எண் கூடினால் வீட்டில் இருப்பவர்கள் எச்சரிக்கையை மதிக்காமல் எல்லாவற்றுக்கும் "அனுமதி" என்று தட்டப் பழகிவிடுவார்கள்.

இலவசங்களைப் பற்றி ஒரு சொல். அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்டன் நான்கும் இன்று ஒரே முதலாளியின் கையில். ஏவிஜியை 2016இல் அவாஸ்ட் வாங்கியது. 2022இல் அவாஸ்டும் நார்டன் நிறுவனமும் இணைந்து ஜென் டிஜிட்டல் ஆனது. அவிரா அதற்கு முன்பே நார்டனிடம் போய்விட்டது. ஆக, அவாஸ்ட் பிடிக்காமல் ஏவிஜிக்கு மாறுவதில் பெரிய பொருள் இல்லை. அவாஸ்ட் தன் பயனர்கள் பார்த்த இணையப் பக்கங்களின் விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக, அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024இல் 165 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. ஜம்ப்ஷாட்டை 2020லேயே மூடிவிட்டார்கள். இருந்தாலும், வங்கிக் கணக்கு பார்க்கும் குடும்பக் கணினியில் எதை ஏற்றுகிறோம் என்று முடிவெடுக்கும்போது இது கண்முன் இருக்க வேண்டும்.

கேப்போங்_அப்பா:
ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கி ஃப்ரீ போடலாமே? எங்கள் வீட்டில் இரண்டு கணினியில் ஓடுகிறது. அமைதியாக இருக்கிறது, விளம்பரத் தொல்லையும் குறைவு.

செந்தூல்_ஐடி:
பிடிப்பதில் அது கெட்டிக்காரன், அதில் மறுப்பில்லை. மறுபக்கம் என்னவென்றால், 2022 மார்ச்சில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அலுவலகம் அதைத் தவிர்க்கச் சொன்னது. 2024 ஜூனில் அமெரிக்கா விற்பனையையே தடை செய்தது. ரஷ்ய அரசின் கை உள்ளே போகலாம் என்பதுதான் இருவரும் சொன்ன காரணம். நிறுவனம் அதை மறுக்கிறது. மூல நிரலை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நம் சைபர்ஜெயாவில் ஒரு மையம் அமைப்பதாக 2019இல் அறிவித்தது. என்னைப் பொறுத்தவரை, ஆன்டிவைரஸ் என்பது வீட்டுச் சாவியை மொத்தமாக ஒருவரிடம் கொடுத்து வைப்பது. யாரிடம் கொடுப்பது என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். டீச்சருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், உங்களை நீக்கச் சொல்லவும் மாட்டேன்.

பாகான்_ஆசிரியை:
ஜெலுத்தோங் அண்ணன் சொன்னபடி பார்த்தேன். பத்து நிமிடம் கழித்தும் டிஸ்க் 100 விழுக்காட்டிலேயே நிற்கிறது, அந்த நெடுவரிசை முழுக்கச் சிவந்து போயிருக்கிறது. சிபியு 20ஐத் தாண்டவில்லை. மேலே இருந்தவை: "சர்வீஸ் ஹோஸ்ட்: சிஸ்மெய்ன்", விண்டோஸ் சர்ச், தவணை முடிந்த அந்த ஆன்டிவைரஸின் மூன்று வரிகள், அதற்குக் கீழே குரோம். மெமரி 86 விழுக்காடு. செக்யூரிட்டி பக்கத்தில் பழைய ஆன்டிவைரஸின் பெயர்தான் இருக்கிறது, பக்கத்தில் "எக்ஸ்பயர்ட்" என்று. டிஃபெண்டர் ஓடவில்லை.

இன்னும் இரண்டு தொல்லை. திரையின் வலது கீழ் மூலையில் "5 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது, உடனே புதுப்பிக்கவும்" என்று ஆங்கிலத்தில் அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. அது பழைய ஆன்டிவைரஸின் செய்தி மாதிரியும் தெரியவில்லை. இன்னொன்று, போன வாரம் போட்டோஸ்டேட் கடைக்குத் தம்ப் டிரைவ் கொண்டு போய்த் தாள் அடித்தேன். வீட்டுக்கு வந்து செருகினால் என் கோப்புறைகள் எல்லாம் அம்புக்குறி போட்ட படமாக மாறியிருந்தன. பயந்து போய் எதையும் திறக்காமல் கழற்றி வைத்துவிட்டேன்.

ஜெலுத்தோங்_ரிப்பேர்:
திறக்காமல் கழற்றினீர்களே, அதுதான் நீங்கள் செய்த மிக நல்ல காரியம்.

முதலில் வேகம். டிஸ்க் 100, சிபியு 20 என்றால் சிபியு வேலைக்குக் காத்திருக்கிறது, ஹார்ட் டிஸ்க்தான் கொடுக்க முடியாமல் திணறுகிறது என்று பொருள். ஆன்டிவைரஸ் எதை மாற்றினாலும் இது பாதிதான் தீரும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பான 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, பழைய டிஸ்க்கை அப்படியே அதில் நகலெடுத்துத் தரச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கில் 200 ஜிபிக்குக் கீழே இருந்தால் அது போதும். இரண்டாவதாக ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். ஐந்தாம் தலைமுறை என்றால் பெரும்பாலும் டிடிஆர்3எல் ரகம், கடையில் டிடிஆர்4 கொடுத்தால் செருகவே முடியாது. மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வருடத்துத் தொகுப்புக்குக் கொடுக்க இருந்த வெள்ளியை எஸ்எஸ்டி பக்கம் திருப்பினால் லேப்டாப் இன்னும் சில வருடம் ஓடும்.

இரண்டாவது, பழைய ஆன்டிவைரஸை எடுப்பது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பக்கம் போய் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அதோடு விடாதீர்கள். அந்தந்த நிறுவனமே தன் மிச்சத்தைத் துடைக்க ஒரு நீக்கும் கருவி வைத்திருக்கும். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் டிஃபெண்டர் தானாக எழுந்து நிற்கும். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் காவல் காத்தால் ஒன்றின் கோப்பை மற்றது சோதித்துக்கொண்டே இருக்கும், கணினி முழங்காலில் விழுந்துவிடும். அதனால் டிஃபெண்டர் அல்லது வேறொன்று, ஏதாவது ஒன்றுதான்.

தம்ப் டிரைவ் விஷயம் நாங்கள் வாரம் தவறாமல் பார்ப்பது. அந்தப் புழு உங்கள் உண்மையான கோப்புறைகளை அழிப்பதில்லை. மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் ஒன்றை நிறுத்துகிறது. உற்றுப் பாருங்கள், அந்தப் படத்தின் இடது கீழ் மூலையில் சின்ன வளைந்த அம்பு இருக்கும், அளவு 1 அல்லது 2 கேபிதான் காட்டும். அதை இருமுறை தட்டினால் கோப்புறையும் திறக்கும், பின்னால் புழுவும் ஓடும். அதனால்தான் பலருக்குத் தொற்றியதே தெரிவதில்லை.

டிஃபெண்டர் எழுந்த பிறகு தம்ப் டிரைவைச் செருகுங்கள். திறக்காதீர்கள். டிரைவின் மேல் வலது பொத்தானை அழுத்தி "ஸ்கேன் வித் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்" கொடுங்கள். முழு ஸ்கேன் கொடுத்தால் போதுமே என்று நினைக்க வேண்டாம், முழு ஸ்கேன் வழக்கமாகத் தம்ப் டிரைவைத் தொடாது. துடைத்த பிறகு வியூ பட்டியில் "ஹிடன் ஐட்டம்ஸ்" என்பதைத் தட்டுங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் "புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்" முன்னால் உள்ள குறியை எடுங்கள். மங்கலாக உங்கள் கோப்புறைகள் எல்லாம் வந்து நிற்கும். கோப்புகளை வேறிடத்துக்கு எடுத்துவிட்டுத் தம்ப் டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_கணக்கர்:
போட்டோஸ்டேட் கடைக்குத் தம்ப் டிரைவே வேண்டாம் டீச்சர். தாளை பிடிஎஃப் ஆக்கிக் கடைக்காரரின் எண்ணுக்கு உங்கள் கைப்பேசியிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பிடிஎஃப் ஆக்கினால் தமிழ் எழுத்துரு கடைக்காரர் கணினியில் உடைந்து கட்டம் கட்டமாக வரும் தொல்லையும் தீரும். ஆனால் கடைக் கணினியில் கல்வி அமைச்சின் கற்றல் தளமான டெலிமாவில் உங்கள் கணக்கைத் திறக்காதீர்கள். மாணவர் விவரம் எல்லாம் அதில் இருக்கிறது.

பிறை_மாணவன்:
வலது மூலையில வர்றது வைரஸும் இல்ல, ஆன்டிவைரஸும் இல்ல டீச்சர். அது குரோம் நோட்டிஃபிகேஷன். ஏதோ ஒரு படம் பார்க்குற தளத்துலயோ, பாட்டு இறக்குற தளத்துலயோ "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் தட்டுங்கள்"னு கேட்டிருக்கும், வீட்ல யாரோ தட்டிருப்பாங்க. செய்திக்குக் கீழ சின்ன எழுத்துல ஒரு தளத்தோட பேர் இருக்கும் பாருங்க, அதுதான் அனுப்புறது.

குரோம்ல செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்க அனுமதி வாங்கின தளங்களோட பட்டியல் இருக்கும். தெரியாத பேரையெல்லாம் தூக்குங்க. அதே பக்கத்துல, இனிமே எந்தத் தளமும் கேட்கவே கூடாதுன்னு போடவும் வழி இருக்கு. அந்தச் செய்தியைத் தட்டி யாரும் கார்டு எண் மட்டும் கொடுத்துடாதீங்க. வேணும்னா மால்வேர்பைட்ஸோட ஆட்வ்கிளீனர்ங்கிற விளம்பர நிரல் துடைக்கும் கருவிய ஒரு தடவை ஓட்டுங்க. நிறுவ வேண்டியதில்ல, ஓட்டிட்டு அழிச்சிடலாம், பின்னால உட்கார்ந்து டிஸ்க்கைத் தின்னாது.

பிரிக்பீல்ட்ஸ்_கணக்கர்:
டிஃபெண்டர் எல்லாருக்கும் போதும் என்று முடித்துவிடுவதை மட்டும் நான் ஏற்கவில்லை. என் கணினியில் வாடிக்கையாளர்களின் வருமான வரிக் கணக்கு இருக்கிறது. தினமும் முன்பின் தெரியாதவர்களிடமிருந்து "இன்வாய்ஸ்" என்று கோப்பு வருகிறது. எனக்கு ஈசெட் போன்ற ஒன்றுக்குப் பணம் கட்டுவது நியாயமான செலவு. பிரச்சினை வந்தால் கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதற்கே அந்தக் காசு தகும். டீச்சருக்கு அந்த நிலை இல்லை, சரி. ஆனால் டிஃபெண்டரோடு நின்றால் மூன்றை அவசியம் பாருங்கள். "பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப்" தடுப்பு, டிஃபெண்டரை வேறு நிரல் அணைக்க விடாத "டாம்பர் புரொடெக்‌ஷன்", பிறகு, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸைத் தடுக்கும் "ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்" பக்கத்தில் "கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸ்". கடைசியாகச் சொன்னது வழக்கமாக அணைந்தே இருக்கும். அதை ஏற்றினால் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளில் முன்பின் தெரியாத நிரல் கை வைக்க முடியாது. சில நேரம் நல்ல நிரலையும் சேமிக்க விடாது. அப்போது அந்த ஒரு நிரலுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பள்ளிக் கோப்புகளின் நகல் எடுத்து, எடுத்த பிறகு கேபிளைக் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

கேப்போங்_அப்பா:
மகன் விளையாட்டு இறக்கும்போது டிஃபெண்டர் தடுக்கிறது என்று அதை அணைத்துவிடுகிறான். உங்கள் வீட்டிலும் படிவம் நான்கு பையன் இருப்பதால் சொல்கிறேன்.

செந்தூல்_ஐடி:
இதுதான் உண்மையான ஆபத்து. கட்டண நிரலைக் காசில்லாமல் திறக்கும் கிராக், கீஜென், திருட்டு விண்டோஸை உயிர்ப்பிக்கும் கருவி, எல்லாமே "முதலில் ஆன்டிவைரஸை அணை" என்றுதான் தொடங்கும். அந்தச் சில நிமிடத்தில் நுழைவது இப்போதெல்லாம் திரையில் ஆடிக் காட்டும் பழைய வைரஸ் இல்லை. உலாவியில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் உள்நுழைந்திருக்கும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடும் திருடன். பையனுக்கு அட்மின் உரிமை இல்லாத தனி விண்டோஸ் கணக்கு திறந்து கொடுங்கள். அணைக்க வேண்டுமானால் உங்கள் பாஸ்வேர்ட் கேட்கும். காசு செலவில்லை, பாரமும் இல்லை. எந்த ஆன்டிவைரஸை மாற்றுவதைவிடவும் இது அதிகம் காக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

வங்கி வேலைக்கு உங்கள் கணவருக்கும் தனி விண்டோஸ் கணக்கு இருக்கட்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் 997. யோசித்துக்கொண்டு நிற்காமல் உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்.

பிறை_மாணவன்:
டிஃபெண்டர் வேலை நேரத்துல ஸ்கேன் பண்ணி இழுக்குதுன்னா, டாஸ்க் ஷெட்யூலர்ல மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர்னு உள்ள போங்க. "ஷெட்யூல்ட் ஸ்கேன்"னு ஒண்ணு இருக்கும். நேரத்தை ஞாயிறு மத்தியானம் மாதிரி யாரும் தொடாத நேரத்துக்கு மாத்துங்க, கணினி சும்மா இருக்கும்போது மட்டும் ஓடணும்னு கண்டிஷனும் போடுங்க. ஸ்கேன் பண்ணாம விடுற "எக்ஸ்குளூஷன்" பட்டியல்ல முழு சி டிரைவையோ டவுன்லோட்ஸையோ போடச் சொல்ற காணொளிய நம்பாதீங்க. வேகம் வரும், காவல் போயிடும்.

டிஃபெண்டர் முழிச்சிருக்கான்னு சோதிக்க ஐகார் தளத்துல 68 எழுத்துல ஒரு சோதனைக் கோப்பு இருக்கு. ஒரு தீங்கும் இல்ல, ஆனா எல்லா ஆன்டிவைரஸும் அதைப் பிடிக்கணும்னு பேசி வச்சது. இறக்கின உடனே தடுத்தா சரி.

பாகான்_ஆசிரியை:
பழையதை எடுத்துவிட்டேன், மிச்சத்தைத் துடைக்கும் கருவியும் ஓட்டியாயிற்று. டிஃபெண்டர் பச்சைக்குறி காட்டுகிறது. ஐகார் கோப்பை இறக்கவே விடவில்லை. குரோம் பட்டியலில் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத ஏழெட்டுத் தளங்கள் இருந்தன, எல்லாவற்றையும் நீக்கினேன். தம்ப் டிரைவில் மறைந்திருந்த வினாத்தாள்கள் முழுசாகக் கிடைத்துவிட்டன. மகனுக்குத் தனிக் கணக்கு போட்டாயிற்று. அவனுக்குக் கொஞ்சம் கோபம்தான், காரணத்தைச் சொல்லியிருக்கிறேன். டிஸ்க் இப்போது சில நிமிடத்தில் 100இலிருந்து இறங்குகிறது, ஆனாலும் திறக்க நேரம் எடுக்கிறது. எஸ்எஸ்டியை இந்தப் பள்ளி விடுமுறையில் போட முடிவு செய்திருக்கிறோம். தொகுப்பு வாங்கவில்லை.

ஆயர்_ஈத்தாம்_தாத்தா:
தொடர்ந்து படித்து வருகிறேன், மிகவும் பயனாக இருக்கிறது. ஒரு சந்தேகம். விண்டோஸ் 10 நிறுத்தப்பட்டுவிட்டது என்கிறார்களே. அப்படியானால் டிஃபெண்டரும் நின்றுவிடாதா? என்னிடமும் டீச்சருடையது மாதிரியே ஒரு பழைய கணினிதான்.

செந்தூல்_ஐடி:
ஐயா, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. டிஃபெண்டருக்கு வரும் வைரஸ் அடையாளப் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆகவே டிஃபெண்டர் விழித்திருக்கும். ஆனால் விண்டோஸிலேயே புதிதாக ஓட்டை தெரிந்தால் அதை அடைக்க ஆளில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது அப்படி அடைக்காத ஓட்டை வழியாகத்தான். அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது.

விண்டோஸ் 10இல் தெரியவரும் ஓட்டைகளுக்கான திருத்தம் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்க வழி இருக்கிறது. உங்கள் விண்டோஸ் 10 பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்துக்குப் போனால் "என்ரோல் நவ்" என்று காட்டும். விண்டோஸ் பேக்அப்பில் அமைப்புகளை ஒத்திசைக்கச் சம்மதித்தால் கட்டணம் கிடையாது. இல்லையென்றால் 30 டாலர் கட்டலாம். டீச்சரும் இதை இன்றே செய்துவிடுங்கள், எஸ்எஸ்டிக்குக் காத்திருக்க வேண்டாம். ஐந்தாம் தலைமுறை ஐ3 விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு வங்கி வேலையை வேறு கணினிக்கு மாற்றுவது அல்லது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடுவது பற்றி யோசிக்க வேண்டும்.

ஐயா, உங்கள் கணினியில் ஸ்டார்ட்டைத் தட்டி "வின்வெர்" என்பதை ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் "வெர்ஷன்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே போடுங்கள், அடுத்ததைச் சொல்கிறேன்.